வட்டி கட்டுகிறவன்

பேராசை பெருநஷ்டம் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. முதலில் சொன்ன பெரியவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இன்றைக்கு அந்தப் பழமொழி பார்க்கிற உத்தியோகமே வேறு. சீட்டுக் கம்பெனி ஓடிப்போனால், அதில் பணம் கட்டிய கிழவியிடம் இதைச் சொல்கிறார்கள். தேக்குத் தோட்டம், ஈமுக் கோழி என்று எத்தனையோ பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றிலும், ஓடிப்போனவனைத் தேடப் போலீஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே ஏமாந்தவன் வீட்டு வாசலுக்கு இந்த உபதேசம் வந்து சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் 'பென்னி ஸ்டாக்' என்ற பெயரில் நடக்கும் வியாபாரத்தைப் பற்றிச் சமீபத்தில் நாலு பேரிடம் பேசிப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு பேரும் இதே பழமொழியைத்தான் சொன்னார்கள். "ஒரு டாலருக்கு நூறு பங்கு வாங்கினால் அப்படித்தான் ஐயா ஆகும்" என்று சிரித்தார் பாங்குக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதை எழுதுகிறவனுக்குப் பங்கு மார்க்கெட்டில் என்ன ஜோலி என்று கேட்கலாம். நான் இன்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். பொருளாதார சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் கடன் பத்திரம் தெரியும். நாலு கதையாவது கடன் பத்திரத்தை வைத்து எழுதியிருக்கிறேன். நியூஜெர்ஸியில் இருக்கும் நண்பர் ஒருவர், தாம் பங்கு வாங்கிய ஒரு சுரங்கக் கம்பெனியின் காகிதங்களை எனக்கு அனுப்பி, "இதைப் படித்துவிட்டு ஒரு நாவல் எழுதுங்கள்" என்றார். படித்தேன். நாவல் எழுத அதில் ஒன்றுமில்லை. உள்ளே இருந்தது ஒரு லேவாதேவிக்காரரின் நோட்டு. அதைப் படித்த பிறகு, அதே ஜாதியைச் சேர்ந்த வேறு நோட்டுகளையும், அவற்றின் மேல் நடந்த வழக்குகளையும் தேடித் தேடிப் படிக்கலானேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பென்னி ஸ்டாக் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. ஐந்து டாலருக்குக் குறைந்த விலையில் விற்கும் சிறு கம்பெனிப் பங்குகளை அமெரிக்கச் சட்டம் பொதுவாக அப்படி அழைக்கிறது. பெரிய பங்கு மார்க்கெட்டுகளில் இடம் கிடைக்காத கம்பெனிகளின் பங்குகள், மார்க்கெட்டுக்கு வெளியே, தரகர்களுக்குள் கைமாறும். பழைய நாளில் இவற்றின் விலைப் பட்டியலை இளஞ்சிவப்புக் காகிதத்தில் அச்சடித்ததால் 'பிங்க் ஷீட்ஸ்' என்று பெயர் வந்தது. இந்தச் சந்தையை நடத்துகிறவர்களே, சந்தேகம் மிகுந்த கம்பெனிகளின் பெயருக்குப் பக்கத்தில் மண்டை ஓட்டையும் குறுக்கெலும்பையும் படமாகப் போட்டு எச்சரிப்பதுண்டு. மின்சாரக் கம்பத்தில் நாம் தொங்கவிடுகிற அதே படந்தான்.

இந்தச் சந்தையில் பழைய மோசடி ஒன்று உண்டு. டெலிபோனில் கூப்பிட்டு, 'இது நாளைக்கே பத்து மடங்காகும்' என்று ஆசை காட்டி விலையை ஏற்றிவிட்டு, தன் கையிருப்பை விற்றுவிட்டு நழுவுவது. 1990-ஆம் ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. சட்டம் வந்த பிறகும், ஜோர்டன் பெல்ஃபர்ட் என்பவர் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் உட்கார்ந்துகொண்டு இதையே பெரிய தொழிற்சாலை மாதிரி நடத்தி, ஜெயிலுக்குப் போய் வந்தார். அவர் கதையை 2013-இல் பெரிய நட்சத்திரத்தை வைத்துச் சினிமாவாக எடுத்தார்கள். அந்தப் படத்துக்குப் போட்ட பணத்தில் மலேசிய அரசாங்க நிதியிலிருந்து களவாடப்பட்டது கலந்திருந்தது என்று அமெரிக்க நீதி இலாகா குற்றஞ்சாட்டி, படத்தை எடுத்த கம்பெனி 2018-இல் 6 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. திருட்டைப் பற்றிய படத்துக்கே இந்தக் கதி. இப்படி ஒரு சம்பவத்தை நான் கதையில் எழுதியிருந்தால், 'செயற்கையாக இருக்கிறது' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அது போகட்டும். அந்தப் பழைய மோசடியில் பொய் சொல்கிறவன் ஒருவன் வேண்டும். பொய்யை நிரூபித்தால் அவனை ஜெயிலில் போடலாம். நான் சொல்ல வந்த விஷயத்தில் பொய்யே கிடையாது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, சர்க்காரிடம் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறது. அதனால்தான் இது அதைவிடப் பெரிய அக்கிரமம் என்கிறேன்.

விஷயம் இதுதான். ஒரு சின்னக் கம்பெனிக்குப் பணம் வேண்டும். பாங்கு கொடுக்காது. அப்போது ஒருவர் வருகிறார். ஒரு லட்சம் டாலர் தருகிறேன், வட்டி எட்டே சதவிகிதம் என்கிறார். எட்டு சதவிகிதம் நம் ஊர் நகைக் கடனைவிட மலிவு. கூடவே ஒரு சின்ன ஷரத்து. ஆறு மாதம் கழித்து, கடனைப் பணமாகத் திருப்பி வாங்காமல் கம்பெனியின் பங்குகளாக மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. என்ன விலையில்? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். இன்று பேசிய விலையில் அல்ல. மாற்றுகிற நாளுக்கு முந்தின இருபது நாட்களில் மார்க்கெட்டில் எது மிகக் குறைந்த விலையோ, அதிலும் நூற்றுக்கு முப்பத்தைந்து தள்ளுபடி செய்து, அந்த விலையில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பங்கு பத்து சென்ட் விற்றால், அவருக்கு ஆறரை சென்ட். ஒரு லட்சம் டாலருக்கு ஏறக்குறைய 15 லட்சத்து 38 ஆயிரம் பங்குகள். அவற்றை அன்றைக்கே பத்து சென்டுக்கு விற்றுவிட்டால் 1,53,800 டாலர். எட்டு சதவிகிதம் என்று மேலே எழுதியிருக்கும் நோட்டில் ஐம்பத்து மூன்றுக்கும் மேலான சதவிகிதம் கீழே ஒளிந்திருக்கிறது. அதுவும் ஆறு மாதத்தில்.

சரி, கொள்ளை வட்டி. அவ்வளவுதானே என்று நிறுத்திவிடக் கூடாது. இனிமேல்தான் விஷம் வேலை செய்யப் போகிறது. லட்சக்கணக்கான பங்குகள் திடீரென்று விற்பனைக்கு வந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால், கடனில் மீதியிருக்கும் பாகத்தை மாற்றும்போது இன்னும் அதிகப் பங்குகள் கிடைக்கும். அவற்றையும் விற்றால் இன்னும் இறங்கும். பத்து சென்டில் 15 லட்சம் பங்கு கேட்ட அதே ஒரு லட்சம் டாலர், விலை ஒரு சென்டானால் 1 கோடியே 53 லட்சம் பங்கு கேட்கும். பத்தில் ஒரு சென்டானால் 15 கோடியே 38 லட்சம் கேட்கும். அமெரிக்கர்கள் இதற்கு 'மரணச் சுழல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'விஷக் கடன்' என்றும் சொல்கிறார்கள். கம்பெனிக்கு மொத்தம் 5 கோடிப் பங்குகள் இருந்து, அதில் 5 லட்சம் ஒருவர் வைத்திருந்தால், அவர் நூற்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர். சுழல் சுழன்று முடிந்தபின் அவர் நூற்றில் கால் பங்குக்குச் சொந்தக்காரர். அவர் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. யாருக்கும் எதையும் விற்கவில்லை. இராத்திரி படுத்து, காலையில் எழுந்தார். முக்கால் சொத்து போய்விட்டது.

நம் ஊரில் கந்துவட்டிக்காரனை எல்லாரும் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அவனுக்குக்கூட ஒரு கவலை உண்டு. கடன்காரன் செத்துப் போகக் கூடாது. காய்கறி வண்டி நாளைக்கும் ஓட வேண்டும். ஓடினால்தான் சாயங்காலம் வட்டி. விஷக் கடன் கொடுத்தவருக்கு அந்தக் கவலையும் இல்லை. வண்டி குடைசாய்ந்தால் அவருக்கு லாபம் குறையாது. எந்த விலையிலும் தள்ளுபடி அதே முப்பத்தைந்துதான். ஆகவே விலை இறங்குவதைப் பற்றி அவர் ஒரு நாளும் துக்கப்படப் போவதில்லை. இறக்கிவிடலாமே என்ற சபலம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தச் சபலம் வந்ததற்கு ருஜு இருக்கிறது. பென்சில்வேனியாவில் செடோனா என்று ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இந்த மாதிரி மாற்றுக் கடன் வாங்கியது. கடன் கொடுத்தவரின் சார்பில் காரியம் பார்த்த ரைனோ அட்வைசர்ஸ் என்ற நிறுவனம், கடனைப் பங்காக மாற்றுவதற்கு முன்னாலேயே, கையில் இல்லாத பங்குகளை விற்று விலையைக் கீழே தள்ளியது என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி. 2003 பிப்ரவரியில் குற்றஞ்சாட்டியது. பத்து லட்சம் டாலர் அபராதத்தோடு அந்த வழக்கு முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்ற வழக்கமான ஏற்பாடு. பணம் கட்டுவேன், செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன், செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன்! நம் பஞ்சாயத்துகளில் இப்படி ஒருவன் நின்றால் வெற்றிலை பாக்கை வீசி எறிவார்கள்.

அந்த ஒப்பந்தங்களில் நான் ரசித்த ஷரத்து ஒன்று உண்டு. ரசித்த என்றால் பாம்பின் உடம்பிலுள்ள கோலத்தை ரசிப்பது போல. கடன் கொடுத்தவர் எந்த ஒரு சமயத்திலும் கம்பெனியில் நூற்றுக்கு 4.99 பாகத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அட, எவ்வளவு அடக்கம் என்று நினைப்பீர்கள். ஐந்தைத் தாண்டினால் இன்னார் இவ்வளவு வைத்திருக்கிறார் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஐந்துக்குக் கீழே ஒரு கை அள்ளுவது, விற்பது, மறுபடி ஒரு கை அள்ளுவது. குளத்தையே இறைத்துவிடலாம், குடத்தில் எப்போதும் கொஞ்சந்தான் தண்ணீர் இருக்கும்.

சரி, இப்படிப்பட்ட நோட்டில் கம்பெனிக்காரர் ஏன் கையெழுத்துப் போடுகிறார்? என் நண்பரைப் போன்ற பங்குதாரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்களுக்கு டைரக்டர் கடவுள். விலை விழுந்தால், எங்கேயோ இருட்டில் உட்கார்ந்து இல்லாத பங்கை விற்கும் சதிகாரர்கள்தான் காரணம் என்று நம்புகிறார்கள். நண்பர் எனக்கு அனுப்பிய கடிதத்தில் அந்தச் சதிகாரர்களைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். இல்லாத பங்கை விற்கிறவர்கள் உலகத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். செடோனா கதையை இப்போதுதானே பார்த்தோம். ஆனால் அதே உறையில் நண்பர் அனுப்பிய கம்பெனி அறிக்கையில், இருபது பக்கம் தள்ளி, பொடி எழுத்தில், எத்தனை மாற்றுக் கடன்கள், யாரிடம், எத்தனை சதவிகிதத் தள்ளுபடி என்று எல்லாம் இருந்தது. அந்த வருஷத்தில் மட்டும் பங்குகளின் எண்ணிக்கை ஒன்பது மடங்காகியிருந்தது. அத்தனையும் டைரக்டர் சபையின் அனுமதியோடு கொடுக்கப்பட்டவை. இருட்டில் திருடனைத் தேடுகிறவர் தன் வீட்டுச் சாவியை வாசலில் நின்று விநியோகித்தவரைப் பார்த்துக் கும்பிடு போடுகிறார்.

கையெழுத்துப் போடுகிறவர் ஏன் போடுகிறார் என்றால், வட்டி கட்டப் போவது அவர் இல்லை. இதுதான் இந்த விவகாரம் முழுவதற்கும் உயிர்நிலை. சாதாரணக் கடனில் வாங்குகிறவன் கட்டுவான்; அதனால் வாங்கும்போது கை நடுங்கும். இந்தக் கடனில் வாங்குகிறவர் டைரக்டர், கொடுக்கிறவர் லேவாதேவிக்காரர், கட்டுகிறவன் அந்த அறையிலேயே இல்லாத மூன்றாவது ஆள். அவன் நியூஜெர்ஸியிலோ டெக்ஸாஸிலோ ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, புதிய இயந்திரம் வரப் போகிறது, பெரிய ஒப்பந்தம் வரப் போகிறது என்ற கம்பெனியின் அறிக்கையைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். வந்த பணத்தில் டைரக்டர் தம் சம்பளத்தை எடுத்துக்கொள்வார். அந்தச் சம்பளம் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை.

பங்குகள் கோடி கோடியாகப் பெருகி, விலை ஒரு சென்டுக்கும் கீழே போனால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. நூறு பழைய பங்கைச் சேர்த்து ஒரு புதுப் பங்கு என்று அறிவித்துவிட்டால், ஒரு சென்ட் ஒரு டாலராகிவிடும். 'ரிவர்ஸ் ஸ்பிளிட்' என்று அதற்குப் பெயர். சட்டப்படி இதில் யாருக்கும் நஷ்டமில்லை; நாலு கால் ரூபாய்க்குப் பதில் ஒரு ரூபாய் கொடுப்பது போல. ஆனால் விலை மறுபடி டாலராகிவிட்டது அல்லவா, மறுபடி இறங்குவதற்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டிரைஷிப்ஸ் என்ற கிரேக்கக் கப்பல் கம்பெனியின் கதையைப் பார்க்க வேண்டும். இது இளஞ்சிவப்புக் காகிதச் சந்தையில் கிடந்த கம்பெனி அல்ல. நாஸ்டாக் என்ற பெரிய மார்க்கெட்டில் இருந்தது. இதன் கடனும் நான் மேலே சொன்ன நோட்டைப் போன்றதல்ல. 2016 இறுதியிலிருந்து, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு மார்க்கெட் விலையை ஒட்டிப் பங்குகளைத் தவணை தவணையாக விற்று, கோடிக் கணக்கான டாலர் திரட்டியது. வாங்கியவர் வெளியே விற்றார், விலை விழுந்தது, கம்பெனி பங்குகளைச் சேர்த்துச் சுருக்கியது, மறுபடி விற்றது. சுழல் அதேதான். 2016 மார்ச்சில் இருபத்தைந்தை ஒன்றாக்கினார்கள். அதே வருஷம் நாலை ஒன்றாக்கினார்கள், பிறகு பதினைந்தை. அடுத்த வருஷம் எட்டு, நாலு, ஏழு, ஐந்து, மறுபடி ஏழு. 2017 ஜூலைக்குள் எட்டுத் தடவை. இந்த எண்களையெல்லாம் பெருக்கிப் பாருங்கள். நான் காகிதத்தில் மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். 1,17,60,000 வருகிறது. அதாவது, 2016 தொடக்கத்தில் ஒருவன் ஒரு கோடியே பதினேழு லட்சத்து அறுபதாயிரம் பங்கு வைத்திருந்தால், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் கையில் ஒரே ஒரு பங்கு. அதற்கிடையே, 2016 நவம்பரில், காரணமில்லாமல் சில நாட்களில் விலை பல மடங்கு ஏறி, வியாபாரத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த உயரத்தில் வாங்கியவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. 2019-இல் கம்பெனியின் தலைவரே மீதிப் பங்குகளைப் பங்குக்கு 5 டாலர் 25 சென்ட் கொடுத்து வாங்கி, கம்பெனியை மார்க்கெட்டிலிருந்து வெளியே கொண்டுபோய்விட்டார். கப்பல் அவருக்கு மிஞ்சியது. இதற்காக யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. ஒவ்வொரு பேரமும் முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தது!

அறிவித்துவிட்டோம் என்பதுதான் இவர்களுடைய முதல் வாதம். சர்க்காரிடம் தாக்கல் செய்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்காமல் வாங்கினவன் மேல்தான் தப்பு என்கிறார்கள். நான் கேட்கிறேன்: பெரிய ஒப்பந்தம் வரப்போகிறது என்ற செய்தியைக் கொட்டை எழுத்தில் போட்டவர்கள், தள்ளுபடி சமாசாரத்தை மட்டும் ஏன் இருபதாவது பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டார்கள்? படிக்க வேண்டுமென்று நினைக்கிறவன் எழுதுகிற எழுத்தா அது?

இரண்டாவது வாதம், இந்தக் கடன் இல்லாவிட்டால் சின்னக் கம்பெனிகளுக்கு வேறு கதியே இல்லை என்பது. இதைக் கேட்கும்போது ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்கிறது. புதிதாக ஒரு மருந்து கண்டுபிடிக்கிறவன், ஒரு சின்னப் பட்டறை வைத்திருப்பவன், இவர்களுக்குப் பாங்கு கதவைத் திறப்பதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் இந்தக் கடன் அவர்களைப் பிழைக்க வைக்கிறதா என்பதல்லவா கேள்வி? ஆறு மாதத்தில் ஐம்பது சதவிகிதத்துக்கு மேல் லாபம் கொடுத்துவிட்டு எந்த மருந்துக் கம்பெனி மருந்து கண்டுபிடிக்கும்? பழைய நோட்டைத் தீர்க்கப் புது நோட்டு எழுதுகிற கட்டம் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதன் பிறகு கம்பெனியின் ஒரே உற்பத்திச் சரக்கு பங்குப் பத்திரந்தான்.

மூன்றாவது வாதம்தான் பெரிய வாதம். இது கடனே அல்ல, முதலீடு. பங்கு விலை ஏறும், இறங்கும். முதலீட்டில் லாபம் வருவதை வட்டி என்று சொல்லக் கூடாது. இஷ்டப்பட்டு இரண்டு பேர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மூன்றாமவனுக்கு என்ன வேலை? இதற்கு நான் பதில் சொல்வதைவிட நியூயார்க் மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலம் 2021 அக்டோபரில் சொன்ன பதிலைச் சொல்வது மேல்.

ஆடார் பேஸ் என்ற நிறுவனம் ஜெனிசிஸ் ஐ.டி. என்ற சின்னக் கம்பெனிக்கு 2016-இல் 35,000 டாலர் கடன் கொடுத்தது. எட்டு சதவிகித வட்டி. 180 நாள் கழித்துப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை. முந்தின இருபது நாளில் மிகக் குறைந்த விலை எதுவோ அதில் நூற்றுக்கு முப்பத்தைந்து தள்ளுபடி. நான் மேலே கணக்குப் போட்டுக் காட்டினேனே, அந்தக் கணக்கு இந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான். மாற்றுகிற நாள் வந்தது; கம்பெனி பங்கு கொடுக்க மறுத்தது; லேவாதேவிக்காரர் வழக்குப் போட்டு முதல் நியாயஸ்தலத்தில் ஜெயித்தார். மேல் நியாயஸ்தலத்துக்குப் போனபோது, இது நியூயார்க் சட்டத்தின் விஷயம், அந்த மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலமே சொல்லட்டும் என்று கேள்வியை அங்கே அனுப்பினார்கள்.

நியூயார்க்கில் ஒரு விசித்திரம். கம்பெனிகள் அதிக வட்டி என்று சொல்லிக் கடனை மறுக்க முடியாது என்று 1850-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். வியாபாரிக்கு வியாபாரி பேசிக்கொள்வது, அவர்கள் பாடு என்று. ஆனால் 1965-இல் ஒரு புதுச் சட்டம் வந்தது. ரௌடிக் கும்பல்கள் லேவாதேவி செய்து, காலை ஒடித்து வட்டி வசூலித்த காலம் அது. வருஷத்துக்கு இருபத்தைந்து சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது கிரிமினல் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. இந்த வாதத்தை மட்டும் கம்பெனிகளும் எடுக்கலாம். 2021-இல் நீதிபதிகள் முன்னால் இருந்த கேள்வி, தள்ளுபடி விலையில் பங்கு வாங்கும் உரிமையை வட்டிக் கணக்கில் சேர்க்கலாமா என்பது. சேர்க்கத்தான் வேண்டும் என்றார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் தள்ளுபடி மாறாமல் நிற்கிறது என்றால், அந்த உரிமைக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஒரு மதிப்பு உண்டு. அதை மதிப்பிட்டு வட்டியோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினால் இருபத்தைந்தைத் தாண்டுமானால் வட்டி மட்டுமல்ல, முதலும் போச்சு. அந்த நோட்டு எழுதப்பட்ட நாளிலிருந்தே செல்லாது.

காலை ஒடிக்கிற ரௌடிக்காகச் செய்த சட்டம், அரை நூற்றாண்டு கழித்து, கழுத்துப் பட்டை கட்டிய கனவான்களின் கழுத்தில் வந்து விழுந்தது. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. முதலீடு என்று பட்டு வேட்டி உடுத்தி வந்ததை, அந்த வேட்டியை உருவிவிட்டு, 'நீ வட்டிதானே?' என்று கேட்டார்கள் அல்லவா!

ஆனால் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள். நெவாடாவைப் போல் பேசிக்கொண்ட வட்டிக்கு உச்சவரம்பே இல்லாத மாநிலங்களும் உண்டு. இந்த ஒப்பந்தம் இன்ன மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்று நோட்டிலே எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது? கடன் கொடுக்கிறவர் கையில். மேலும், அந்தத் தீர்ப்பு காப்பாற்றுவது கடன் வாங்கிய கம்பெனியை. அதுவும் கம்பெனி தானாக நியாயஸ்தலத்துக்குப் போனால். டைரக்டருக்கு நோட்டு பிடித்திருந்தால், பங்குதாரன் என்ன செய்வான்?

சர்க்கார் செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. கடனைப் பங்காக மாற்றியதும் அன்றைக்கே ஊர் ஜனங்களிடம் விற்றுவிட முடிவதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. விதிப்படி அறிக்கை தாக்கல் செய்கிற கம்பெனியானால் ஆறு மாதம் காத்திருந்தால் போதும் என்று 2008-இல் விதியைத் தளர்த்தினார்கள். அதற்கு முன் ஒரு வருஷம். அந்த ஆறு மாதமும் கடன் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நோட்டுகளில் 180 நாள் என்று வருவது பஞ்சாங்கம் பார்த்து வைத்த கணக்கல்ல. விலை மிதக்கிற இந்த மாதிரிக் கடன்களுக்கு மட்டுமாவது, பங்காக மாற்றிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று எஸ்.இ.சி.யே 2020 டிசம்பரில் ஒரு திருத்தத்தை முன்வைத்தது. அப்படி எண்ணினால், பங்கை வாங்கியவர் ஆறு மாதம் அதன் ஏற்ற இறக்கத்தோடு வாழ வேண்டும்; அப்போது அவர் மெய்யாகவே முதலீட்டாளர். லேவாதேவிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. அந்தத் திருத்தம் விதியாகவில்லை. நியாயஸ்தலங்கள் வேறு பக்கமாக வந்து சிலரைப் பிடித்திருக்கின்றன. இப்படிக் கோடிக்கணக்கான பங்குகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஃபுளோரிடாக்காரர் ஒருவர், பங்கு வியாபாரியாகப் பதிவு செய்துகொள்ளாமல் தொழில் நடத்தினார் என்று 2024-இல் மேல் நியாயஸ்தலம் உறுதி செய்தது. லைசென்ஸ் இல்லாமல் கடை வைத்த குற்றம்! கடையில் விற்றது என்ன என்பதைப் பற்றிக் கேள்வியில்லை.

பெரிய மார்க்கெட்டில், இருக்கும் பங்குகளில் ஐந்தில் ஒரு பாகமோ அதற்கு மேலோ குறைந்த விலையில் தனியாருக்குப் புதிதாக வெளியிட வேண்டுமானால் பங்குதாரர்களின் ஓட்டு வேண்டும் என்று விதி இருக்கிறது. அதிலும் அந்நிய நாட்டுக் கம்பெனிகள் தங்கள் நாட்டு வழக்கப்படி நடக்கலாம் என்று விலக்கு. இளஞ்சிவப்புக் காகிதச் சந்தையில் அந்த விதியே கிடையாது. பென்னி ஸ்டாக் வாங்குகிறவன்தான் மிகவும் ஏழைப் பங்குதாரன். அவனுக்குத்தான் ஓட்டு இல்லை. பாங்கில் உத்தியோகம் பார்த்த என் நண்பர் இதற்கு என்ன பழமொழி வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மாற்று விலைக்கு ஒரு தரை வேண்டும். இந்த விலைக்குக் கீழே பங்கு கிடையாது, மீதியைப் பணமாக வாங்கிக்கொள் என்று. அந்தத் தரையை உடைக்க வேண்டுமானால் பங்குதாரர்களைக் கேட்க வேண்டும். இவ்வளவும் முடியாது என்றால், கம்பெனி வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையிலும், சுரங்கத்தில் தங்கம் கண்டோம் என்ற செய்திக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில் இரண்டே இரண்டு எண்களைப் போடச் சொல்ல வேண்டும்: சென்ற வருஷம் இதே நாளில் எத்தனை பங்குகள், இன்றைக்கு எத்தனை. நண்பரின் சுரங்கக் கம்பெனி அப்படிப் போட்டிருந்தால் அவர் எனக்குச் சதிகாரர்களைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்க மாட்டார். டைரக்டருக்கு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருப்பார்.